‘ஆ’ என்றொரு மாதம்

சென்ற சனிக்கிழமை, மீன் கடை. ஒரு அன்ரி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நீங்கள்தானே பேப்பரில எழுதிறவ? மூண்டு கிழமையாக் காணேல்லை. சுகமில்லையோ?”

“ஓம் அன்ரி. தடிமன்” என்றேன்.

பொய்.

தடிமன் என்றால் கொத்தமல்லி அவித்துக் குடிக்கலாம். எனக்கு இருந்தது பயம். சோறு இறங்காத பயம். சப்வேயில் எனக்கு எதிரே இருப்பவர் கோட்டுப் போட்டு, கையில் ஃபைல் வைத்திருந்தால் அடுத்த பெட்டிக்கு மாறிப் போகிற பயம்.

அதற்கு முந்திய வாரங்களில் எழுதினேனே என்று கேட்பீர்கள். எழுதினேன். பனிச் சப்பாத்து வாங்கப் போன கதையை வாசித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்ததாக ஒஷாவாவிலிருந்து ஒருவர் கடிதம் போட்டிருந்தார். ஐயா, அந்தக் கதையை எழுதிய அன்று நான் காலையிலிருந்து இரண்டு தடவை வாந்தி எடுத்திருந்தேன்.

இப்போது சொல்லலாம். சம்பந்தப்பட்டவரிடம் கேட்டுவிட்டேன். அவருடைய பெயரையும் சில விபரங்களையும் மாற்றியிருக்கிறேன். என் பிழையை மாற்றவில்லை.

பழைய வாசகர்களுக்கு என் கதை தெரியும். புதியவர்களுக்கு இரண்டு வரி. ஊரில் ஆறு வருடம் சட்டத்தரணியாக இருந்தேன். இங்கே அது செல்லாது. பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் குறைப் பாடங்கள் படிக்கவேண்டும். அதற்குப் பிறகு சட்டத்தரணிகளுக்கான பயிற்சிக் கோர்ஸ், அதற்குள் ஒரு மூட்டை சோதனைகள். முப்பத்தெட்டு வயதில், இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் இருந்து படிக்கிறேன். காலையில் வகுப்பு. மூன்று நாள் பின்னேரமும் சனிக்கிழமையும் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் பகுதிநேர வேலை. நம் ஆட்களின் அகதிக் கோரிக்கைகளை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுப்பது. ‘கேஸ் எழுதிறது’ என்று நாம் சொல்வோமே... அதுதான்.

அலுவலகத்தின் சொந்தக்காரி மிஸ் டொனெல்லி. நல்ல மனிசி. ஆனால் சிரிப்பு மிகக் குறைவு.

இனிக் கதைக்கு வருகிறேன்.

யோசேப்பு அண்ணைக்கு ஐம்பது வயதிருக்கும். மன்னார்ப் பக்கத்துக் கடற்கரை ஊர். மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் இந்தியாவில் முகாமில். இவர் பார்க்டேலில் ஒரு அறையில், இன்னும் இரண்டு பேரோடு. சென்ற மாசி மாதம் அவருடைய கேஸை நான்தான் எழுதினேன். ஆமி பிடித்தது, மூன்று கிழமை வைத்திருந்தது, பாதர் போய்க் கேட்டு விடுவித்தது... எல்லாம் அவர் சொல்லச் சொல்லத் தமிழில் குறித்துக்கொண்டு, அடுத்த நாள் ஆங்கிலத்தில் ரைப் பண்ணினேன்.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். குறிப்பெடுக்கும்போது மாதங்களை முழுதாக எழுதமாட்டேன். பங்குனிக்குப் ‘ப’. வைகாசிக்கு ‘வை’. அவர் பிடிபட்ட நாளை இப்படிக் குறித்திருந்தேன் — ‘ஆ 11.’

ஜூனாகிய ஆனிக்கும் ‘ஆ’தான். ஜூலையாகிய ஆடிக்கும் ‘ஆ’தான். ஏன், ஆவணிக்கும் ‘ஆ’தான். எந்த ‘ஆ’ என்று எழுதுகிறபோது எனக்குத் தெரிந்திருக்கும். அடுத்த நாள்? ஆடி என்று நினைத்து ‘ஜூலை’ என்று தட்டிவிட்டேன்.

அது பிழை. ஆனால் அதைவிடப் பெரிய பிழை ஒன்று இருக்கிறது.

படிவத்தின் கடைசிப் பக்கத்தில் மொழிபெயர்த்தவர் ஒரு உறுதிமொழி எழுதி ஒப்பமிடவேண்டும். ‘இதை முழுவதும் அவருடைய மொழியில் அவருக்கு வாசித்துக் காட்டினேன், அவர் விளங்கிக்கொண்டார்’ என்று. அவர் ஒப்பம் வைக்க வந்த அன்று எனக்கு ஐந்தரைக்குப் படிப்புக் குழு. அடுத்த நாள் காலை காணிச் சட்டத்தில் சோதனை. முதல் மூன்று பக்கம் வாசித்தேன். மணியைப் பார்த்தேன். மிச்சம் நான்கு பக்கம்.

“மிச்சமும் இப்பிடித்தான் அண்ணை. நீங்கள் சொன்னது எல்லாம் இருக்கு.”

“நீங்கள் எழுதினால் சரிதான் தங்கச்சி” என்று ஒப்பம் வைத்தார்.

நானும் வைத்தேன். ஊரில் ஆறு வருடம் மற்றவர்களின் சத்தியக் கடதாசிகளைக் குறுக்கு விசாரணை செய்த அதே கையால்.

ஆறு கிழமைக்கு முன், ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம். அவருடைய விசாரணைக்கு இரண்டு கிழமைதான் இருந்தது. அவர் பிடிபட்டதை உறுதிப்படுத்தும் பாதரின் கடிதம் மன்னாரிலிருந்து ஒருவழியாக வந்து சேர்ந்திருந்தது. போட்டோக்கொப்பி எடுக்கப் போனேன். மெஷினிலிருந்து வந்த சூடான தாளை எடுத்து, சும்மா ஒரு பார்வை பார்த்தேன்.

‘ஜூன் பதினொன்றாம் திகதி.’

என் படிவத்தில் ஜூலை.

இந்த வேலையைத் தெரியாதவர்களுக்கு இது என்ன பெரிய விஷயம் என்று இருக்கும். ஒரு மாதம்தானே? அகதி விசாரணையில் திகதிதான் உயிர். நீ ஒரு மாதம் சொல்கிறாய், உன் கடிதம் வேறு மாதம் சொல்கிறது... அப்படியானால் எது பொய்? கடிதமா, கதையா, நீயா? அங்கே தொடங்கினால் நூல் முழுதும் பிரிந்துவிடும். பிரிந்த கேஸ்களை நான் பார்த்திருக்கிறேன்.

கடிதத்தை உறைக்குள் திரும்ப வைத்தேன். ஆம், வைத்தேன். கடிதம் வரவே இல்லை என்று இருந்துவிட்டால்? ஒரு நிமிடம் அந்த எண்ணத்தோடு நின்றேன். பிறகுதான் உறைத்தது — விசாரணையில் அவர் வாயைத் திறந்து ‘ஆனி’ என்று சொல்லப்போகிறாரே!

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். ரெக்ஸ்டேலில் ஒரு ஃபக்டரியில் வேலை செய்கிறார். நான் படிக்கவேண்டும் என்று இரண்டு வருடமாக ஓவர்ரைம் செய்கிற மனிதர்.

“ரைப் பண்ணேக்க பிழைச்சுப்போச்சு எண்டு சொல்லும். வாசிச்சுக் காட்டாத கதையை ஏன் எடுக்கிறீர்?”

“சைன் வச்சிருக்கிறன். பொய்ச் சத்தியம் மாதிரி.”

“அதுதான் சொல்லுறன், எடுக்காதையும். உமக்கு அந்தப் ஃபோம் வேற நிரப்பக் கிடக்கு.”

அந்தப் படிவம்! பயிற்சிக் கோர்ஸுக்கு விண்ணப்பிக்கும்போது நன்னடத்தையைப் பற்றி ஒரு படிவம் கொடுக்கவேண்டும். உன் நேர்மையைச் சந்தேகிக்க ஏதாவது காரணம் உண்டா என்ற பாணியில் கேள்விகள். மாத முடிவுக்குள் கொடுக்கவேண்டும். படித்துப் பாஸ் பண்ணாமல் போனால் திரும்ப எழுதலாம். நேர்மையில் ஃபெயில் என்றால் எந்தச் சப்ளிமென்ரறி சோதனை எழுதுவது?

சனிக்கிழமை காலை மிஸ் டொனெல்லியின் அறைக்குள் போனேன். கணவர் சொன்னபடியே சொன்னேன். குறிப்பைப் பார்த்து ரைப் பண்ணும்போது மாதம் மாறிவிட்டது.

அவர் திட்டவில்லை. “நடக்கும். திருத்தம் கொடுப்போம். பிழை உன்னுடையது என்று ஒரு சத்தியக் கடதாசி எழுது” என்றார். ஆங்கிலத்தில் நீயும் இல்லை, நீங்களும் இல்லை. அன்று எனக்கு ‘நீ’ என்றுதான் கேட்டது.

அப்பாடா என்று எழுந்தேன். கதவுக்குக் கிட்டப் போனபோது கேட்டார்.

“ஒரு நிமிடம். நீ வாசித்துக் காட்டியபோது அவர் ஏன் பிழையைப் பிடிக்கவில்லை?”

என் வாயிலிருந்து வந்தது இதுதான்: “அவர் கவனிக்காமல் விட்டிருப்பார்.”

சொல்லி முடித்த பிறகுதான் நான் என்ன செய்துவிட்டேன் என்று தெரிந்தது. பழியைத் தூக்கி அவர் தலையில் வைத்துவிட்டேன். ஜூலை என்று வாசித்ததைக் கேட்டுவிட்டுத் தலையாட்டியவர் என்றால், தான் பிடிபட்ட மாதமே தெரியாத மனிதர் என்று ஆகிவிடும். அவருடைய கேஸில் நானே ஓட்டை போட்டுவிட்டேன். மிஸ் டொனெல்லி அதைக் குறித்துக்கொண்டார். “செவ்வாய்க்கிழமை அவரை வரச் சொல். அவரிடமும் கேட்போம்.”

ஞாயிறு, திங்கள்... அந்த இரண்டு நாளும் நான் எப்படி இருந்தேன் என்று கேட்காதீர்கள். திங்கட்கிழமை வகுப்பில் ஒரு தவணைச் சோதனை. கேள்வித்தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எழுத்து தெரிந்தது, கேள்வி தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் யோசேப்பு அண்ணை வந்தார். தலையை நன்றாக வாரி, சேர்ட்டைக் கழுத்துவரை பொத்தான் போட்டு. லோயர் கூப்பிட்டால் அவருக்கு அது கோயில் மாதிரி. மேசைக்கு அந்தப் பக்கம் மிஸ் டொனெல்லி. இந்தப் பக்கம் அவர். நடுவில் மொழிபெயர்ப்பாளர்.

மொழிபெயர்ப்பாளர் யார்? நான்தான்!

மாதம் பிழைத்த கதையை அவருக்குச் சொன்னேன். முகம் வெளிறிவிட்டது. “ஆனி தங்கச்சி... ஆனி எண்டுதானே சொன்னனான்” என்றார். மொழிபெயர்த்தேன்.

மிஸ் டொனெல்லி அடுத்ததைக் கேட்டார். “படிவம் முழுவதையும் இவள் உனக்குத் தமிழில் வாசித்துக் காட்டினாளா? கேள்.”

கேட்டேன். என் குரல் எனக்கே யாரோ கதைப்பது போல இருந்தது. “அண்ணை, அண்டைக்குப் ஃபோம் முழுக்க நான் உங்களுக்கு வாசிச்சனானோ எண்டு கேக்கிறா.”

அவர் என்னைப் பார்த்தார். என் முகத்தில் என்ன தெரிந்ததோ தெரியாது. பயம்தான் தெரிந்திருக்கும். வேறு எதுவும் அங்கே இருக்கவில்லை. பிறகு குனிந்து தன் கைகளைப் பார்த்தார்.

“ஓம். முழுக்க வாசிச்சவ.”

மிஸ் டொனெல்லி பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார். நான் ஒரு சொல் சொன்னால் போதும். ‘யெஸ்.’ மொழிபெயர்ப்பு என்று பார்த்தால் அது அட்சரம் பிசகாத சரி! அவர் சொன்னதைத்தான் சொல்கிறேன். வேலை மிஞ்சும், கோர்ஸ் மிஞ்சும், கணவரின் இரண்டு வருட ஓவர்ரைம் மிஞ்சும்.

அவருக்கு என்ன மிஞ்சும்?

“முழுக்க வாசித்ததாகச் சொல்கிறார்” என்றேன் ஆங்கிலத்தில். “அது உண்மை இல்லை. மூன்று பக்கம்தான் வாசித்தேன். சனிக்கிழமை உங்களுக்கு நான் சொன்னதும் பொய்.”

சொல்லிவிட்டுத் தமிழுக்குத் திரும்பி, அதையே அவருக்கும் சொன்னேன். மொழிபெயர்ப்பாளரின் கடமை அல்லவா? அறையில் சொல்லப்படும் எல்லாவற்றையும் சொல்லவேண்டும்.

மிஸ் டொனெல்லி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். யோசேப்பு அண்ணைதான் முதலில் பேசினார்.

“நான் இல்லை எண்டு சொன்னால் உங்கட வேலை போயிடும் எண்டு பயந்திட்டன். உங்களை நிப்பாட்டினால் என்ர கேஸை ஆர் பாக்கிறது?” பிறகு, “அண்டைக்கு உங்களுக்கு எத்தினை மணிக்கு வகுப்பு?” என்றார்.

“ஐஞ்சரைக்கு.”

“எனக்கு அண்டைக்கு ஒரு இடமும் போக இருக்கேல்லைத் தங்கச்சி. படிச்சிட்டு வாறன், இருங்கோ எண்டிருந்தால் வாசலிலயே இருந்திருப்பன்.”

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். நேரம் சொல்வது போலச் சொன்னார்.

மிஸ் டொனெல்லி என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. அப்படி நடந்திருந்தால் ஒருவேளை நிம்மதியாக இருந்திருக்கும். “எல்லாவற்றையும் எழுது. சனிக்கிழமைப் பொய்யையும் எழுது. விசாரணைக்கு நீயும் வா, கேட்டால் பதில் சொல்ல. இந்தக் கேஸ் முடியும்வரை நீ எதற்கும் ஒப்பம் வைக்கக்கூடாது” என்றார். என் சத்தியக் கடதாசியை நானே ரைப் பண்ணினேன். பக்கத்து அலுவலகச் சட்டத்தரணி முன்னால் கையை உயர்த்திச் சத்தியம் செய்தேன். ஒன்றரைப் பக்கம். இதுவரை நான் எழுதியவற்றில் ஒரு சொல் கூடக் கூட்டி எழுதாதது அதுதான்.

விசாரணை நாள். சாட்சி என்பதால் என்னை வெளியே இருத்திவிட்டார்கள். சாம்பல் நிறக் கதிரை, சாம்பல் நிறக் கார்ப்பெற். ஒரு மணித்தியாலம் கழித்து உள்ளே கூப்பிட்டார்கள்.

விசாரிக்கும் அம்மா என் சத்தியக் கடதாசியை வாசித்து முடித்திருந்தார். நான் குறிப்பெடுத்த கொப்பியைக் கேட்டார். கொடுத்தேன். அதை அங்கிருந்த மொழிபெயர்ப்பாளரிடம் நீட்டி, “இதில் என்ன மாதம் இருக்கிறது?” என்றார்.

அந்த மனிதர் கொப்பியைக் கிட்டப் பிடித்துப் பார்த்தார், தூரப் பிடித்துப் பார்த்தார். “‘ஆ’ என்று இருக்கிறது மேடம். அது ஜூன். இல்லாவிட்டால் ஜூலை. ஓகஸ்ற் ஆகவும் இருக்கலாம்.”

வேறு நாளென்றால் சிரித்திருப்பேன்.

“நீ உன் நாட்டில் சட்டத்தரணியாக இருந்தாய்?”

“ஆம்.”

“ஒரு உறுதிமொழிக்குக் கீழே ஒப்பம் வைப்பது என்றால் என்னவென்று உனக்குத் தெரியும்.”

“தெரியும்.”

“அப்படியானால் ஏன்?”

என்னென்னவோ தயார் பண்ணிக்கொண்டு போயிருந்தேன். குடும்பப் பாரம், படிப்புச் சுமை, புதிய நாடு... அதையெல்லாம் விட்டுவிட்டேன். “அடுத்த நாள் எனக்குச் சோதனை. இவரால் காத்திருக்க முடியும், சோதனை காத்திருக்காது என்று நினைத்தேன்.”

அவர் எழுதினார். நெடுநேரம் எழுதினார். பிறகு போகலாம் என்றார்.

மேலும் இரண்டு மணித்தியாலம். கதவு திறந்தது. மிஸ் டொனெல்லி முதலில் வந்தார். என்னைப் பார்த்து ஒரு தடவை தலையசைத்தார். ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்! அதே இடத்திலேயே முடிவு சொல்லிவிட்டார்கள். பின்னால் வந்த யோசேப்பு அண்ணை நேரே தண்ணீர்க் குழாயடிக்குப் போய் முகத்தை அலம்பினார். அலம்பிக்கொண்டே இருந்தார். பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு ஸ்ரீற்கார் வண்டியைப் பிடிக்கப் போய்விட்டார். என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஏன் பேசவேண்டும்?

மிச்சம் இருந்தது என் படிவம்.

“உதில ‘இல்லை’ எண்டு போட்டாலும் ஆருக்குத் தெரியப்போகுது?” என்று கணவர் கேட்டார். கேட்டுவிட்டு அவரே, “சரி, போடாதையும்” என்றார். ‘ஆம்’ என்று எழுதி, சத்தியக் கடதாசியின் பிரதியையும் இணைத்தேன். உறையைத் தபாலில் போட எனக்குக் கை வரவில்லை. அவர்தான் வேலைக்குப் போகிற வழியில் போட்டார்.

அதற்குப் பிறகு வந்தவைதான் நான் உங்களுக்கு எழுதாத மூன்று வாரங்கள். ரெலிபோன் அடித்தால் மகள் எடுக்கும்வரை சமையலறையில் ஒளிந்திருந்தேன். ஒருநாள் கோர்ஸ் நடத்துகிறவர்கள் கூப்பிட்டார்கள். போனேன். ஒரு வயதான மனிதர், முன்னால் என் ஃபைல். எல்லாவற்றையும் வாசித்திருந்தார். கேட்டது ஒரே ஒரு கேள்வி.

“அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் உனக்கு முன்னால் இல்லாமல் இருந்திருந்தால், உண்மையைச் சொல்லியிருப்பாயா?”

இதற்கு என்ன பதில் சொல்வது? ‘நிச்சயமாக’ என்று சொல்லத்தான் எவருக்கும் ஆசை வரும். அந்த நாற்காலியில் இருந்துகொண்டு இன்னொரு பொய்யா?

“தெரியாது” என்றேன்.

சென்ற செவ்வாய் கடிதம் வந்தது. கோர்ஸுக்கு என்னை எடுத்திருக்கிறார்கள். நடந்தது என் ஃபைலில் இருக்கும் என்றும் ஒரு வரி. இருக்கட்டும். அந்தத் தவணைச் சோதனையில் நான் ஃபெயில். அதுவும் இருக்கட்டும்.

இத்தனை நாளும் யோசித்தேன். மாசி மாதம் அந்த ஒப்பத்தை வைத்தபோது எனக்குத் துளிப் பயம் இல்லை. சோதனைக்கு மட்டும் பயந்தேன். எதிரே இருந்த மனிதருக்காகப் பயப்பட எனக்கு நேரம் இருக்கவில்லை. நாம் பயப்படவேண்டியதற்குப் பயப்படாமல், வேறு எதற்கோ பயந்துகொண்டு திரிகிறோமோ?

நேற்று அலுவலகத்தில் ரெலிபோன் அடித்தது. எடுத்தேன்.

“தங்கச்சி, யோசேப்பு கதைக்கிறன். மனிசியையும் பிள்ளையளையும் கூப்பிடுறதுக்குப் பேப்பர் நிரப்போணும். எப்ப வரட்டும்?”

“அண்ணை... இஞ்ச இப்ப வேற ஒரு பிள்ளையும் வேலைக்கு வந்திருக்கிறா. நல்லா எழுதுவா. அவவைக் கொண்டு நிரப்புவிக்கிறன்.”

“வேண்டாம். நீங்கள்தான் நிரப்போணும்.”

“ஏன் அண்ணை?”

“அந்தப் பிள்ளை பயப்பிடாது. நீங்கள் பயப்பிடுவியள்.”

வாசகர்களே, இந்த நாட்டில் எனக்குக் கிடைத்த முதல் நற்சான்றிதழ் இது — சட்டம் போட்டுச் சுவரில் மாட்ட முடியாது என்பதுதான் குறை.